ஷட்டரின் வெளிப்பக்கத்தில் ஒட்டப்பட்ட உத்தரவு

அனுப்புநர்:
இஸ்திரிக் கடைக்காரர்,
நீதிமன்றத்துக்குப் பின்தெரு.
(தற்போது: தையற்கடை மாடிப்படிக்குக் கீழே)

பெறுநர்:
நீதிமன்றப் பதிவாளர் அவர்கள்.

பொருள்: எனக்கு எதிரான வழக்கின் எண்ணும் விசாரணைத் தேதியும் எனக்கே தெரியாதது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் நீதிமன்றத்தில் வாதாடும் கறுப்புக் கோட்டுகளில் பாதி என் பெட்டியின் சூட்டைப் பார்த்தவை. அந்த உறவை நம்பி எழுதுகிறேன். கடையின் முன்பக்கம் தொழில், பின்பக்கம் குடித்தனம். குடித்தனம் என்றால் நான் ஒருவன்தான். கடையில் பங்கு கேட்டுத் தம்பி வழக்குப் போட்டு, வழக்கு முடியும்வரை கடையைப் பூட்டிவைக்க அவசர இடைக்கால உத்தரவும் வாங்கிவிட்டான். அவன் என்னோடு பேச்சை நிறுத்தி வெகுகாலமாகிறது. போன் செய்தாலும் எடுப்பதில்லை. இந்த வழக்கு ஒன்றுதான் அவனிடமிருந்து வந்த செய்தி. அதுவும் என் கைக்கு வரவில்லை.

2. விசாரணைக்கு அழைக்கும் அறிவிப்பை என் ஷட்டரில் ஒட்டியிருக்கிறார்கள். விடியுமுன் உள்ளேயிருந்து தூக்குவேன். அறிவிப்பும் சேர்ந்து மேலே சுருண்டுவிடும். இருட்டியதும் உள்ளே நின்றே இறக்குவேன். ஆகவே ஷட்டரின் வெளிமுகத்தை ஊரே பார்க்கும், நான் மட்டும் பார்த்ததில்லை.

3. தெருவே அதைப் படித்திருக்கிறது. எவர் வீட்டில் என்ன சண்டை என்பதை அந்த வீட்டாருக்கு முன்பே அறிந்துவிடுபவன் என்று எனக்கொரு பெயர் உண்டு, மறுக்கவில்லை. கடை பூட்டப்பட்ட பிறகு, ஏன் சொல்லவில்லை என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். "எல்லாருக்கும் நியூஸ் சொல்றதே நீங்கதாண்ணே. உங்க நியூஸை உங்ககிட்ட வந்து யாரு சொல்றது?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அன்று அவரிடம் டீ குடிக்கப் பிடிக்கவில்லை.

4. விசாரணை நாளன்று காலை ஒரு வக்கீலின் குமாஸ்தா கோட்டோடு ஓடிவந்தார். "சீக்கிரம் தேச்சுக் குடுங்க, ஒரு அவசர மனு இருக்கு" என்றார். காலர் கத்திபோல் நிற்கத் தேய்த்துக் கொடுத்தேன். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அந்த வக்கீல் எனக்கு எதிராக வாதாடி, நான் வராததைச் சுட்டிக்காட்டி உத்தரவு பெற்றார். கோட்டு நன்றாக இருந்ததாகக் கேள்வி.

5. பூட்ட வந்த நீதிமன்ற அமீனா ஷட்டரை இறக்கியபோதுதான் பழைய அறிவிப்பை முதன்முதலாகப் பார்த்தேன். கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அதன்மேலேயே புதிய உத்தரவை ஒட்டி முத்திரை வைத்துவிட்டார். புதிய தாளில் வழக்கு எண்ணுக்கும் அடுத்த தேதிக்கும் உரிய இடங்கள் காலி. தங்கள் அலுவலக ஜன்னலில் கேட்டால், "கேஸ் நம்பர் சொல்லுங்க, தேதி சொல்றேன்" என்கிறார்கள். பெயரை வைத்துத் தேட கம்ப்யூட்டரில் வழியில்லையாம். அடியிலுள்ள அறிவிப்பில் எண்ணைப் பார்க்க, முத்திரை வைத்த தாளைக் கிழிக்க வேண்டும். கிழித்தால் என்மேல் இன்னொரு வழக்கு வரும். அதற்காவது எண் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு பயந்து கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

6. அடுத்த விசாரணையிலும் நான் இல்லாமற்போனால் பூட்டு நிரந்தரமாகிவிடும் என்கிறார்கள். தொழிலும் படுக்கையும் அதற்குள்தான் இருக்கின்றன.

ஆகவே, என் வழக்கின் எண்ணையும் தேதியையும் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தரவும், உத்தரவின் நகலை என் கையில் கொடுக்கவும், என் தரப்பையும் கேட்டபின் பூட்டைப் பற்றி முடிவெடுக்க நீதிபதி அவர்களிடம் எடுத்துச் சொல்லவும் வேண்டுகிறேன்.

இன்னொன்று. அறிவிப்பு ஒட்டப்பட்டது என் வார விடுமுறையன்று. ஷட்டர் இறங்கியிருந்தது, நான் உள்ளேதான் படுத்திருந்தேன். தகரத்தின்மேல் யாரோ கையால் தேய்க்கும் சத்தம் கேட்டது. சினிமா போஸ்டர் ஒட்டுகிறார்கள் என்று திரும்பிப் படுத்தேன். இனி ஒட்டவருபவர்களை, ஒட்டுமுன் ஒருமுறை தட்டிப்பார்க்கச் சொல்லுங்கள், ஐயா. விடுமுறை நாளில் என் கடையை யாரும் தட்டுவதில்லை. தட்டியிருந்தால், யார் என்றுகூடக் கேட்காமல் திறந்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
இஸ்திரிக் கடைக்காரர்

இடம்: நீதிமன்ற அறிவிப்புப் பலகைக்கு எதிர்ப் பெஞ்சு
நாள்: வியாழக்கிழமை

பின்குறிப்பு: மேற்படி வக்கீலின் இன்னொரு கோட்டும் பூட்டிய கடைக்குள் இருக்கிறது. தேய்த்து, மடிப்புக் கலையாமல் மாட்டியிருக்கிறேன்.