டம்ளரை ஆட்டினேன்

பாப்பா அப்பாவுக்கு,

போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் எழுதி, குவைத்துக்குத் திரும்பும் அசோகன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் அப்பாவின் காரியம் நல்லபடியாக முடிந்தது. கொள்ளியை உங்கள் தம்பிதான் வைத்தார். அதை நீங்களே போனில் பார்த்தீர்கள், நான் சொல்ல என்ன இருக்கிறது.

மூன்று நாள் நம் வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. பக்கத்து வீட்டு லூர்துமேரி அக்கா தூக்கில் காபி கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே இருந்தார். போதும் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. உங்கள் அரபி முதலாளி வீட்டிலும் இப்படித்தான் விடாமல் ஊற்றுவார்கள், போதும் என்றால் வாயைத் திறக்க வேண்டாம், கிண்ணத்தை லேசாக ஆட்டினால் நிறுத்திவிடுவார்கள் என்று சொன்னீர்களே. அந்த ஞாபகத்தில் டம்ளரை ஆட்டினேன்.

“ஏன் ஆட்டுற, சக்கரை கரையலயா?” என்று கேட்டுவிட்டு, அக்கா இன்னும் கொஞ்சம் ஊற்றினார். குடித்தேன்.

நேற்றிலிருந்து மறுபடியும் உப்பளத்துக்குப் போகிறேன். உப்பு வாரி வெடித்த கையில் சூடு தாங்கவில்லை. பாப்பாதான் காபியை ஆற்றித் தருகிறாள்.

இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பதினோரு வருஷமாக, நீங்கள் கேட்கும்போதெல்லாம் சரி என்றேன்.

இந்த முறை டம்ளரை ஆட்டிவிட்டேன். உங்களுக்காவது அது புரியும்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா