பதினோரு ஆட்டம் ஆடிய மருமகனுக்கு

என் அக்கா பெற்ற தங்கமே, ஜெரால்டு,

உன் நாற்பதாம் நாள் பூசைக்கு, அமெரிக்காவில் நம் ஊரான இந்த மான்மவுத் ஜங்ஷனே திரண்டு வந்தது. கார் நிறுத்த இடமில்லாமல் போலீஸ் வந்து வழிவிட்டது. லண்டனில் இருக்கும் உன் அம்மாவிடம் போனில் இப்படித்தான் சொன்னேன். வந்தது முப்பது பேர். உன்னிடம் இனி எதற்கு அளக்க வேண்டும்?

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் என் பேச்சுக்கு இங்கே இருந்த மரியாதை பெரிய படிப்பு படித்தவனுக்குக் கூடக் கிடையாது. முழங்கால் போய், ஆட்டத்தை விட்டுவிட்டு நீ இங்கே வந்தாய். சனிக்கிழமைகளில் நம் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தாய். "இங்கிலாந்து டீமுக்கே ஆடினவன், அரண்மனையில விருந்து சாப்பிட்டவன்" என்று நான் சொன்னதை ஒருவரும் சந்தேகப்படவில்லை. இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலரிலேயே படத்தோடு போட வைத்தேன்.

மலரைப் பார்த்துவிட்டு நீ சிரிக்கவில்லை.

"நாலாவது டிவிஷன்ல பதினோரு மேட்ச், மாமா. அதுக்கே ஒன்பது வயசுலேர்ந்து ஓடினேன். அப்புறம் பத்து வருஷம் லீக்குக்கு வெளியில, சின்ன ஊர் கிளப்புங்க. பகல்ல பார்சல் வேன், சாயங்காலம் ப்ராக்டிஸ், சனிக்கிழமை சேத்துல மேட்ச். அதச் சொல்லுங்களேன். போதாதா?"

எனக்குப் போதவில்லை. சேற்றையும் வேனையும் சொன்னால் எவன் வாயைப் பிளப்பான்?

பிறகு ஒரு பையனின் அப்பா இணையத்தில் உன்னைத் தேடிப் பிடித்தார். மைதானத்தில் எல்லார் முன்னாலும் போனை நீட்டினார்.

"என்ன அங்கிள், அரண்மனை விருந்துன்னீங்க? இங்க நாலாவது டிவிஷன்னு போட்டிருக்கு! விருந்து பார்சல்ல வந்துச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய்.

"எனக்கென்னங்க தெரியும்? பய என்கிட்ட அப்படித்தான் சொன்னான்" என்றேன்.

நீ பயிற்சிக்கு நட்டுவைத்திருந்த ஆரஞ்சு கோன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காரில் போட்டாய். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஏன்டா மறுக்கவில்லை? அடுத்த சனிக்கிழமை நான்கே பிள்ளைகள். அதற்கடுத்த வாரம் நீ மட்டும். அப்புறம் கிடங்கு வேலைக்குப் போனாய். என்னோடு பேசாமலே ஒரு வருடம். ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது உன் இதயம் நின்றுவிட்டது.

இப்போது சங்கத்தில் உன் பெயரில் கால்பந்துக் கோப்பை வைக்கிறார்கள். நேற்று அதே அப்பாதான் கூப்பிட்டார்.

"பழசெல்லாம் விடுங்க அங்கிள். 'இங்கிலாந்தின் நட்சத்திரம்'னே பொறிச்சிடலாம், கெத்தா இருக்கும். நீங்கதான் மேடையில பேசணும்."

உயிரோடு இருந்தபோது பொய்யன், செத்ததும் நட்சத்திரம். கேட்டதும் வாயெல்லாம் கசந்தது. அதைவிடக் கசப்பானது என்ன தெரியுமா? ஒரு நொடி எனக்கு அது பிடித்திருந்தது.

பேசுகிறேன், மருமகனே. வருகிற சனிக்கிழமை மைக்கைப் பிடித்து, "அவன் பொய் சொல்லவில்லை. சொன்னது நான். பழியை அவன் தலையில் போட்டதும் நான்" என்று சொல்வேன். அதற்குப் பிறகு இந்த ஊரில் என் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள். நம்ப வேண்டாம்.

மைதானத்தில் உன்னைக் கைவிட்ட
உன் தாய்மாமன்