ஒசாகாவில் கூப்பிட்ட பேர்

இஞ்சாருங்கோ,

இன்று அலுமாரியைத் துடைக்கும்போது, ஒசாகாக் கடையில் இனாமாகத் தந்த காகித விசிறி உங்கள் கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து விழுந்தது. சிட்னி வெக்கைக்கு உதவும் என்று நீங்கள்தான் பத்திரப்படுத்தினீர்கள். ஒரு நாள்கூட விசிறியதில்லை.

விசேஷம் ஒன்றுமில்லாத பயணம் அது. வேலையில் லீவு கிடைத்தது, சும்மா ஒருக்காப் பார்த்துவிட்டு வருவோம் என்றீர்கள். நிலத்துக்குக் கீழே தெருத்தெருவாய்க் கடைகள், கண்ணாடிக்குப் பின்னால் மெழுகில் செய்துவைத்த சோறும் மீனும். எனக்குத் தலை சுற்றியது. உங்களுக்கோ கமராவைக் கண்டால் போதும், பக்கத்தில் பெண்சாதி நிற்பது மறந்துபோகும். அந்த எட்டு மாடிக் கடையில் திரும்பிப் பார்க்கிறேன், ஆளைக் காணவில்லை.

மாடி மாடியாய் ஏறி இறங்கினேன். பாஷை தெரியாது, ஹோட்டல் அட்டையும் உங்கள் பையில். கடைசியில் வாசல் கவுண்டரில் தொப்பி போட்ட பெண் ஒருத்தி, ஒலிபெருக்கியில் கூப்பிடலாம், கணவரின் பேர் என்ன என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள். புருஷன் பேரை அம்மாவும் வாயால் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. நாக்கு எழும்பவில்லை. அவள் மறுபடியும் கேட்க, அந்தரப்பட்டு என் பேரையே சொல்லிவிட்டேன். ஜப்பானியப் பேச்சுக்கு நடுவே, தவமணி, தவமணி என்று கடை முழுக்கக் கேட்டது.

எனக்கு என்னவோ நடந்துவிட்டதென்று பதறி ஓடிவந்தீர்கள். விஷயம் தெரிந்ததும் கதிரையில் இருந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள்.

"நான் துலைஞ்சால் நீர் உம்மைத்தானே தேடுறீர்."

போன குளிர்காலம் பரமட்டா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தீர்கள். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், சிலவேளை கேட்கும் என்றாள் நேர்ஸ். இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ என்றுதான் வந்தது. பிறகு ஒசாகா நினைவு வந்தது. குனிந்து உங்கள் காதில் என் பேரைச் சொன்னேன். அன்றைக்குப்போல் பதறி எழும்புவீர்கள் என்று பார்த்தேன். ஒரு விரல்கூட அசையவில்லை. நான் வேறென்ன செய்வது, சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கணக்குகளை மூடப் போனால், வங்கியிலும் தபாற்கந்தோரிலும் கணவர் பேர் கேட்கிறார்கள். தடங்கலில்லாமல் சொல்கிறேன், எழுத்துக்கூட்டியும் சொல்கிறேன். அன்று வராத பேர் கவுண்டர் கவுண்டராக வருகிறது. அதைச் சொல்லியிருந்தால் உங்களுக்குக் கேட்டிருக்குமோ? யாரிடம் போய்க் கேட்பேன்?

சற்று முன்னர், விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவரும் இல்லாத அறையில் உங்கள் பேரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.