மைக் டின்னில் உன் ஊக்கு

இன்று காலை மைக் வைத்திருக்கும் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அடியில் உன் ஊக்கு கிடந்தது. கொஞ்சம் துரு ஏறியிருந்தது. உன் மகள் வருவதற்குள் துடைத்து வைத்தேன். இப்போது சாயங்காலம். நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நீ கண்ணை மூடியபோது நம் தையல் வீடியோவில் பத்துப் பாடங்கள் முடிந்திருந்தன. அளவெடுப்பு, வெட்டு, கழுத்து, கொக்கி எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு ரவிக்கைக்குக் கை வைக்காமலே போய்விட்டாய். பாலிங் ஊரிலிருந்து வீடியோ பார்க்கும் ஒருத்தி விஷயம் தெரியாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அக்கா, கை எப்ப வரும்? தைச்ச ப்ளவுஸ் அப்படியே தொங்குது." படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், உன்மேல் கோபமும் வரும். எட்டு மாதமாக "சீக்கிரம் வரும்" என்றே பதில் போட்டு வந்தேன்.

கோலா கெத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தோம். சுங்கைப்பட்டாணியில் எதிரெதிர் வீடு பிடித்தோம். நீ தைத்தாய். நான் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணி, கணினி என்றால் நான்தான் என்ற மிதப்பு எனக்கு. முதல் பாடத்தின் வீடியோவைக் கணினியில் வெட்டி ஒட்டும்போதே அந்த மிதப்பு இறங்கிவிட்டது. நீ பேசப் பேச நடுவில் 'டிக்'. கொஞ்ச நேரம் கழித்து 'டிக் டிக்'.

நாம் வைத்திருந்தது யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருள். "ஓசியில கிடைச்சா இப்படித்தான் லா," என்றாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒலிக்கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றினேன். போனில் பதிவான ஒலியின் அளவும் மென்பொருளில் இருக்கும் அளவும் ஒன்றுதானா என்று பார்த்துப் பொருத்தினேன். புதிய பதிப்பைப் போட்டேன், பழையதற்கே திரும்பினேன். மூன்று வாரம் மல்லுக்கட்டியும் டிக் போகவில்லை. அந்த மென்பொருள்காரர்களின் இணைய மன்றத்தில் கேட்டேன். முகம் தெரியாத யாரோ ஒருவர், அதே மைக்கில் வேறு ஆளைப் பேச வைத்துப் பாருங்கள் என்று எழுதினார்.

நானே பேசிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பிறகு உன் படத்தையும் ஒலி அலையையும் மேலும் கீழுமாக வைத்து மெதுவாக ஓட்டினேன். நீ துணிமேல் குனியும்போதெல்லாம் ஒரு கோடு விருட்டென்று எழும்பியது. மார்பில் குத்தியிருந்த மைக்கில் உன் தாலி வந்து இடித்துக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. உன் வீட்டுக்காரர் நெஞ்சு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருந்த நேரம். அந்த நேரத்தில் உன்னிடம் போய்த் தாலியைப் பற்றி எந்த வாயால் பேசுவது? இரண்டு நாள் ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். மைக்கைத் தோளில் குத்தச் சொன்னேன். முந்தானையில் குத்தச் சொன்னேன். துணி உரசுகிற சத்தத்தில் உன் பேச்சே கேட்கவில்லை. மூன்றாம் நாள் நீ கத்தரிக்கோலைக் கீழே வைத்தாய்.

"என்னாடி மறைக்கிற? லேப்டாப் போயிருச்சா?"

"லேப்டாப் நல்லாத்தான் இருக்கு. உன் கழுத்துல கிடக்கிறதுதான் மைக்ல இடிக்குது."

குனிந்து பார்த்தாய். பிறகு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாய். "இதச் சொல்லவா ரெண்டு நாளு? கழட்டச் சொன்னாத்தான் தப்பு. உள்ள தள்ளி ஒரு ஊக்கு குத்துனா முடிஞ்சிச்சு லா. அவருக்கு ஒன்னும் ஆவாது."

சொல்லிக்கொண்டே தோள் மடிப்பிலிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திக்கொண்டாய். முதல் பாடத்தை மறுபடி எடுத்தோம். டிக் இல்லை. அன்றிலிருந்து அந்த ஊக்கும் மைக்கோடு டின்னில் சேர்ந்துகொண்டது. உன் வீட்டுக்காரரும் நன்றாகத்தான் இருக்கிறார். இன்று உன் மகளுக்கும் எனக்கும் அவர்தான் தேநீர் கலக்கிக் கொடுத்தார், சீனி அதிகம்.

உன் மகளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. கை வைக்கும் பாடத்தைத் தானே எடுப்பதாகச் சொல்லி வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் பதிவு செய்து போட்டுக் கேட்டோம். 'டிக்.'

"ஆண்டி, சாஃப்ட்வேர் பழசாயிருச்சு. வேற போடலாமா?"

"சாஃப்ட்வேர் நல்லாத்தான் இருக்கு. தாலிய உள்ள தள்ளி இந்த ஊக்கக் குத்து," என்றேன். நான் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். தையல் எனக்கு எங்கே வந்தது?

பாடம் ஏறிய கொஞ்ச நேரத்தில் பாலிங்காரி எழுதினாள். "கை வந்துருச்சு! அக்கா, ஏன் நீங்க வரல?" இந்த முறை நான் சமாளிக்கவில்லை. அக்கா போய் எட்டு மாதம் ஆகிறது, கை வைத்தது அவர் மகள் என்று எழுதினேன். பதில் வந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. நான் அவங்களுக்குன்னு விளக்கு ஏத்தியிருப்பேனே."

இதச் சொல்லவா எட்டு மாசம் என்று நீ மேஜையைத் தட்டுவது எனக்குக் கேட்கிறது.