கோசுப் புழுவும் செல்வியின் ஐந்தாம் மாதமும்

மார்கழி 8, செவ்வாய்

பனி விலகப் பத்து மணி ஆனது. பனி விலகியதும் வெயில், வெயிலோடு வெள்ளைப் பட்டாம்பூச்சி. மூன்று. கோசுச் செடிகளின் மேல் உட்கார்வதும் எழுவதுமாக. துண்டை வீசி விரட்டினேன். வேலி வரைக்கும் போயின. நான் திரும்பியதும் வந்துவிட்டன.

மொத்தம் நாற்பத்திரண்டு செடி. காய் திரண்டது பதினாறு. இலை சல்லடையானது ஒன்பது. மற்றவை பரவாயில்லை.

மகள் செல்விக்கு ஐந்தாம் மாதம். முள்ளுக்குறிச்சியில், புருஷன் வீட்டில், எதைத் தின்றாலும் வாந்தி என்று கார்த்திகை பிறந்ததும் மலைக்கு வந்துவிட்டாள். இங்கேயும் வாந்திதான். சாமைச் சோறும் கோசுப் பொரியலும் மட்டும் வயிற்றில் தங்குகிறது. அதுவும் நம் தோட்டத்துக் கோசு. கடையில் வாங்கிய கோசை மருந்து வாடை என்று துப்பிவிட்டாள். நர்சம்மா சொன்னது: "எடை ஏறவே இல்லீங்க பெரியவரே. எது தங்குதோ அதையே குடுங்க."

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மருமகன் கொடுத்த போனில் மைக்கை அமுக்கிப் பேசுகிறேன். அது எழுதிக்கொள்கிறது. வீட்டில் யாரும் இந்தப் போனைத் தொடுவதில்லை.

மார்கழி 9, புதன்

காலையில் எடுத்த புழு அறுபத்து மூன்று. இலைக்கு அடியில், நடு நரம்போடு ஒட்டி, இலையின் நிறத்திலேயே இருக்கும். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. குளிர்ந்து மெத்தென்று.

கொல்லவில்லை. மாசமாக இருப்பவள் உள்ள வீட்டில் உயிரைக் கொல்லக் கூடாது, கூட்டைக் கலைக்கக் கூடாது. சட்டியில் போட்டு எடுத்துப் போய், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடுகுச் செடிகளில் விட்டு வந்தேன். கடுகையும் தின்னும். பட்டினி போட்டால் அதுவும் கொன்ற மாதிரிதானே. கார்த்திகைப் பாதியிலிருந்து இதே வேலை. தினம் இரண்டு நடை. முழங்கால் வலி.

வழியில் மாணிக்கம். என் வீட்டுக்காரி காளியம்மாளின் தம்பி. சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு.

"ஏனுங் மாமா, புழுவையெல்லாம் பஸ் ஏத்தி உடறீங்களா? டிக்கெட் யாரு எடுக்கறது?"

"போடா வேலையைப் பாத்துக்கிட்டு."

"ஒரு மூடி மருந்துங்க. சாயங்காலம் அடிச்சா காலையில ஒண்ணு இருக்காது."

"அதைத் திங்கறது எம்புள்ளைடா."

"ஒரு பத்து நாள் உட்டுத் திங்கச் சொல்லுங்க."

பத்து நாள் அவள் எதைத் தின்பாள்? அவன் பீடி கேட்டான். இல்லை என்றேன். இருந்தது.

மார்கழி 11, வெள்ளி

செய்து பார்த்தவை.

சாம்பல்: பனி ஈரத்தோடு தூவினேன். நன்றாக ஒட்டியது. மதியம் தூறல் போட்டுக் கழுவிக்கொண்டு போய்விட்டது.

பழைய சேலை: குச்சி நட்டுப் போர்த்தினேன். உள்ளேயே ஒரு பட்டாம்பூச்சி மாட்டிக்கொண்டு முட்டை வைத்துக்கொண்டிருந்தது. சேலையை உருவிவிட்டேன்.

வேப்பெண்ணெய்: புழு மந்தமாயிற்று. ஆனால் பொரியலில் வாடை. செல்வி தட்டைத் தள்ளிவிட்டுக் கொல்லைப் பக்கம் ஓடினாள். இனிமேல் வேப்பெண்ணெய் வேண்டாம்.

இன்று அவள் தின்றது காலையில் கொஞ்சம் கஞ்சி, இரவு மூன்று கவளம். எண்ணிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். காளியம்மாளுக்குக் கோபம். "இப்படி மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா புள்ளை எப்படி முழுங்குவா? எந்திரிச்சுப் போங்க அந்தாண்ட."

மாடு இரண்டு நாளாகப் பால் குறைவு.

மார்கழி 13, ஞாயிறு

முட்டைகள். இலைக்கு அடியில் மஞ்சளாக, குருணை அரிசி அளவு. ஒரே இலையில் இருபது. கட்டைவிரலை வைத்தேன். நசுக்க முடியவில்லை. முட்டை உயிரா, இல்லையா? யாரிடம் கேட்பது? காளியம்மாளிடம் கேட்டால், எதற்குக் கேட்கிறீர்கள் என்பாள்.

சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம், சனிக்கிழமை. செல்வி அப்போதும் மாசமாக இருந்தாள். மூன்றாம் மாதம். மாட்டுக் கொட்டகையில் குளவிக் கூடு. கன்றுக்குட்டியின் கண்ணில் கொட்டிவிட்டது. கோபத்தில் சோளத்தட்டைக் கட்டிக் கொளுத்திப் பிடித்தேன். கூட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகள். வெடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. சாம்பலை நானே கூட்டித் தள்ளினேன்.

ஐந்தாம் நாள், புதன்கிழமை, கரு கலைந்துவிட்டது.

இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

மார்கழி 15, செவ்வாய்

இன்று எனக்கு வந்தது கோபமா பயமா தெரியவில்லை.

சட்டியோடு ஓடை தாண்டிப் போனேன். கடுகுச் செடிகளில் வெறும் தண்டுதான் நின்றது. தண்டிலும் பக்கத்துப் பாறையிலும் கூட்டுப்புழுக்கள் ஒட்டியிருந்தன. சில வெறும் ஓடு. என் கண்ணெதிரே ஒன்று வெடித்தது. ஈரச் சிறகோடு வெளியே வந்து, வெயிலில் காய்ந்து, எழுந்து, ஓடையைத் தாண்டி நேராக எங்கள் தோட்டத்துப் பக்கம் பறந்தது.

ஒரு மாதமாக நான்தான் சுமந்து போய், தீனி போட்டு, சிறகு முளைக்க வைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

சட்டியைக் கவிழ்க்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. மாணிக்கத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "அக்கா, மாமா பண்ணை வெச்சிருக்காருக்கா! கோழிப்பண்ணைக்குப் பதிலா பட்டாம்பூச்சிப் பண்ணை!" காளியம்மாள் சிரிக்கவில்லை. தோட்டத்துக்குப் போய்க் காய்களை எண்ணிவிட்டு வந்தாள்.

மார்கழி 17, வியாழன்

காய் பதினொன்றுதான். காளியம்மாள் இரண்டை அறுத்தாள். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கிறது. உள்ளே துளை, புழுவின் எச்சம், அழுகல். ஒன்றில் கால்வாசி தேறியது. செல்விக்கு மட்டும் பொரியல். நானும் காளியம்மாளும் மிளகு ரசம்.

எனக்குத் தூக்கம் சரியில்லை.

மார்கழி 18, வெள்ளி

நர்சம்மா எடை போட்டார்கள். போன தடவையைவிட அரைக் கிலோ குறைவு.

"அடுத்த வாரமும் இப்படியே இருந்தா கீழ ஆஸ்பத்திரியில சேத்துக் குளுகோஸ் போடணுமுங்க."

செல்வி சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கை சில்லென்று இருந்தது.

மார்கழி 19, சனி

விடிந்ததும் எழுந்து போனால், தோட்டத்தில் செல்வி. தலையில் துண்டு. கையில் பிளாஸ்டிக் மக். அதில் சோப்புத் தண்ணீர். ஏழெட்டுப் புழுக்கள் மிதந்தன.

"வேண்டாஞ் சாமி, நீ தொடாதே!"

"ஏனுங்கப்பா? கடிக்குமா?"

"கொல்லக்கூடாது கண்ணு. இப்ப உனக்கு…"

அப்படியே எல்லாம் வந்துவிட்டது. குளவிக் கூடு, சோளத்தட்டு, சனிக்கிழமை, புதன்கிழமை. மக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ரெண்டு வருசமா இதை வெச்சுக்கிட்டா இருந்தீங்க? குழந்தைக்குத் துடிப்பு நின்னே பத்து நாளுக்கு மேல ஆச்சுன்னு அன்னைக்கு ஸ்கேன்ல பாத்துச் சொன்னாங்களே. அம்மாவுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

சொல்லவில்லை. அன்று என்னை ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார வைத்துவிட்டார்கள், பெண்கள் சமாசாரம் என்று. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

பத்து நாள். கூட்டைக் கொளுத்தியது ஐந்து நாளுக்குள். விரல்விட்டு இரண்டு தடவை எண்ணினேன். கணக்கு சரிதான். மனசு ஒப்பவில்லை.

அவள் அதற்குள் அடுத்த செடிக்குப் போய்விட்டாள். "எம்புள்ளைக்கு வெச்ச சோறு. இதுங்களை யாரு பந்திக்குக் கூப்புட்டா?" புழுவைக் கிள்ளி எடுத்து மக்கில் போட்டாள். நான் இலைகளைத் திருப்பிப் பிடித்தேன். அவள் எடுத்துப் போட்டாள்.

நாலாவது செடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பிடித்திருந்த இலையை விட்டுவிட்டேன்.

"என்ன கண்ணு?"

"குனிஞ்சதுதானுங்கப்பா. ஒண்ணுமில்ல."

முகம் வெளுத்திருந்தது. மக்கை அவளிடமிருந்து வாங்கினேன். வரப்புக் கல்லில் உட்கார வைத்தேன். அங்கிருந்தபடியே, இந்தச் செடி, அந்தச் செடி என்று கையைக் காட்டினாள்.

முதல் புழுவை நானே எடுத்துப் போட்டேன். தண்ணீரில் சுருண்டது. உடனே திரும்பி அவளைப் பார்த்தேன். ஒரு கோசு இலையை ஒடித்து, பச்சையாகவே மென்றுகொண்டிருந்தாள். துப்பவில்லை.

அடுத்த இலையைத் திருப்பினேன்.