முடி வெட்டாத பிள்ளை

12 ஜூலை 2012, வியாழன்

ஜெனிஷ் நான் பாடம் எடுக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை. தான் ஆண் இல்லை, பெண் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறது. முடி வெட்டாததற்காக இன்று காலை பி.டி. சார் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டார். நான் கூட்டிப்போய் வகுப்பில் உட்காரவைத்தேன்.

"இன்னைக்கு முடி, நாளைக்கு வளையலா டீச்சரே?" என்று சிரித்தார்.

"படிக்க வந்த பிள்ளைக்க முடி உங்களுக்கு எதுக்கு சார்?" என்றேன்.

அந்தக் கோபத்தில் அவர் ஜெனிஷின் வீட்டுக்குப் போன் செய்துவிட்டார். அப்பா சவுதியிலிருந்து லீவில் வந்திருக்கிறாராம். சாயங்காலம் பஸ் ஏறும்போது ஜெனிஷ், "நாளைக்கு வரல்லேன்னா வீட்டுக்குத் தேடி வராதீங்க டீச்சர். எனக்கு அடிதான் கூடும்" என்றது.

காலையில் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். முதல் பஸ்ஸில் வராவிட்டால் அடுத்ததில் வரலாம். அதிலும் வராவிட்டால் என்ன செய்வேன் என்று எழுத வரவில்லை.