நான் வாசிக்காமல் விட்ட வரி

ஹேர்னிங்
09.11.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஸ்ரெபானிக்கு,

ஆண்டவரின் கிருபையால் நானும் அம்மாவும் தம்பி சுபாங்கனும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் வலது முழங்காலை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். நீயும் உன்னோடு ஊழியம் செய்யும் பிள்ளையும் அந்த மினசோட்டாக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறோம். இதைக் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நம் தெருமுனையில் இருந்த சிவப்புத் தபால்பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், வருடம் முடிந்தால் தபால்காரரும் கடிதம் கொண்டுவர மாட்டாராம். தபாலில் போட்டாலும் இது நேரத்துக்கு உன் கைக்கு வராது. நாளை திங்கள், உங்களுக்குத் தொலைபேசி பார்க்க அனுமதி உள்ள நாள், அதனால் இன்றே எழுதி முடிக்க வேண்டும். நீ டெனிஷில் எழுதுவாய், நான் தமிழில் பதில் போடுவேன், அது நமக்குப் பழகிப்போனது. இந்த முறை எழுத்துக்களைக் கொஞ்சம் பெரிதாக எழுதியிருக்கிறேன், நேரம் எடுத்தாலும் பரவாயில்லை, ஒரு வரியையும் விடாமல் வாசி.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. சுபாங்கன் வாகனம் ஓட்டும் பரீட்சையில் இரண்டாவது தடவையும் தவறிவிட்டான், சோதிக்க வந்தவர் அவசரக்காரர் என்று டெனிஷில் நீளமாக விளக்கம் சொன்னான், அம்மா "அவருக்கென்ன அவசரம், நீதானே சிவப்பு விளக்குக்கு நிக்காமப் போனாய்" என்று தமிழில் ஒரே வரியில் முடித்துவிட்டா. அம்மா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஆட்கள் போதாது, இந்த மாதம் இரண்டு ஞாயிறு வேலை, இன்றும் போயிருக்கிறா.

நீ போன கிழமை எழுதிய கடிதத்தை நேற்று நம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் வழமைபோல நான் தமிழாக்கி வாசித்தேன். கிரின்ஸ்டெட்டிலிருந்து வந்தவர்களோடு பதினேழு பேர். செவ்வாய்க்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மொங் இனப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தது, வியாழக்கிழமை அவர்கள் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் காய்ந்த மிளகாய்ச் செடிகளைப் பிடுங்கியது, அவர்கள் ஒட்டும் சோற்றை வாழையிலையில் கட்டித் தந்தது எல்லாவற்றையும் ஆர்வமாகக் கேட்டார்கள். சின்னமணி அக்கா "அந்தச் சனமும் சோத்துச் சனமாமே, அப்ப புள்ள மெலிஞ்சு வரமாட்டாள்" என்று சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். பிறகு வாங் என்ற மொங் பெரியவரைப் பற்றிய பகுதிக்கு வந்தேன். எண்பத்தொரு வயது, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டார் என்று வைத்தியர் சொல்லிவிட்டார், மகன் டேனி அவரை ஆண்டவரிடம் கொண்டுவர வேண்டும் என்று ஒரு வருடமாகப் பாடுபடுகிறான், பெரியவர் இப்போது சம்மதித்துவிட்டார், வருகிற ஞாயிறு பதினாறாம் தேதி ஞானஸ்நானம் என்று வாசித்தபோது எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். அவர் வீட்டுச் சுவரில் தொங்கும் நீளமான மூங்கில் குழலைப் பற்றி நீ எழுதியதையும் வாசித்தேன். செத்தவீட்டில் அதை ஊதுவார்கள், இன்னொருவர் பாடுவார், இறந்தவர் வாழ்ந்த ஊர்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி, அமெரிக்க ஊர், தாய்லாந்து முகாம், லாவோஸ் மலை என்று பின்னோக்கி நடத்திப் பிறந்த இடத்தில் கொண்டுபோய் விடுவார்கள் என்று எழுதியிருந்தாய். நாற்பது வருடமாக மற்றவர்களின் செத்தவீடுகளில் அதை ஊதியவர் பெரியவர். பழைய வழக்கத்தை விட்டதற்கு அடையாளமாக, ஞானஸ்நானத்தன்று டேனி அதைத் தேவாலயத்தில் ஒப்படைக்கப் போகிறான். அதற்கும் அல்லேலூயா சொன்னார்கள்.

ஒரு வரியை மட்டும் நான் வாசிக்கவில்லை. அதை இங்கே அப்படியே தமிழில் எழுதுகிறேன். "ஞானஸ்நானத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோது பெரியவர் டேனியைப் பார்த்து ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டார், என்ன கேட்கிறார் என்று நான் கேட்டதற்கு டேனி அப்பா களைத்துப்போனார் என்றான், பிறகு பெரியவர் தலையை அசைத்தார், டேனி சம்மதம் என்றான்." என் கண் அந்த வரியில் நின்றது, வாய் அடுத்த வரிக்குப் போய்விட்டது. தெரியாமல் விட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

எல்லாரும் போன பிறகு அம்மா குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே "அந்த வரிய ஏன் விட்டுட்டு வாசிச்சீங்க" என்று கேட்டா. உன் கடிதத்தை அவவும் தன் தொலைபேசியில் வாசித்திருந்தா. நான் நேரம் போய்விட்டது என்று சொன்னேன். "நேரமா? குழலப் பத்தி அஞ்சு நிமிசம் விளக்கம் சொன்னீங்களே" என்றா. பிறகு கை துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் இருந்து சொன்னதை நீயும் கேட்க வேண்டும். "எங்கட இல்லத்தில ஒரு வயசாளி ஒரே விசயத்த மூண்டு தரம் கேட்டா அத எழுதி வைக்கோணும், பதில் ஆர் சொன்னது எண்டும் எழுதோணும். களைச்சுப்போனார் எண்டு எழுதினா எங்களுக்குத்தான் ஏச்சு விழும்." அந்த வரியை நான் விட்டதற்கு உண்மையான காரணம் நேற்றுவரை அம்மாவுக்கும் தெரியாது, அப்போதுதான் சொன்னேன். உனக்கும் சொல்ல வேண்டும்.

நான் மட்டக்களப்பில் இருந்து பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியும். என் அப்பு, உன் அப்பப்பா, கடைசிவரை சைவம், அதுவும் தெரியும். 1989 மே மாதம் அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. பகல் முழுக்க நான்தான் பக்கத்தில் இருந்தேன், அவர் சொல்வது எனக்கு மட்டும் விளங்கும், மற்றவர்கள் என்னிடம் கேட்டுத்தான் அறிந்துகொள்வார்கள். ஒரு புதன்கிழமை பின்னேரம், கோணேசன் சித்தப்பாவும் மாமாமாரும் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது, அப்பு என் கையைப் பிடித்து "பெரியவன், கொள்ளி நீதானே வைப்பாய்" என்று கேட்டார். தகப்பனுக்கு மூத்த மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். விசுவாசி அதைச் செய்யக்கூடாது என்று எங்கள் போதகர் அதற்கு முதல் கிழமைதான் எனக்குச் சொல்லியிருந்தார், நானும் ஓம் என்று சம்மதம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அப்பு திரும்பவும் கேட்டார். மூன்றாம் தரமும் கேட்டார். மாமா "என்ன கேக்கார் மனே" என்றார். நான் "தண்ணி கேக்கார்" என்று சொன்னேன். கோணேசன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கரண்டியால் பருக்கினான். அப்பு என்னைப் பார்த்துக்கொண்டே அதைக் குடித்தார். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார். நான் வைக்க மாட்டேன் என்று அறிவித்தேன், அப்புவுக்கு அது தெரியும், அவருக்கு மனவருத்தம் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். கோணேசன் மொட்டை அடித்துக் கொள்ளி வைத்தான். நான் மயானத்து வாசலில் நின்றேன்.

மகள், கொள்ளி வைக்காதது சரியா பிழையா என்று நான் இந்தக் கடிதத்தில் வழக்காட வரவில்லை. என் விசுவாசத்தை நான் விடவும் இல்லை. அப்புவிடம் நேராக "என்னால் ஏலாது அப்பு, கோணேசன் வைப்பான், அவன் கையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அவர் அழுதிருப்பார், ஏசியிருப்பார், ஒருவேளை கோணேசனைப் பக்கத்தில் கூப்பிட்டிருப்பார். அதற்கு அவருக்கு இரண்டு நாள் இருந்தது. ஒரு கரண்டித் தண்ணீரால் அந்த இரண்டு நாளையும் நான் எடுத்துவிட்டேன். அடுத்தவர் சொன்னதை மாற்றாமல் எழுதுவதுதான் எனக்குச் சம்பளம் தந்த வேலை, அதைச் செய்யாமல் விட்டது என் சொந்த வீட்டில்.

இன்று காலையில் அம்மா வேலைக்குப் போனதும் ஒடென்சேயில் இருக்கும் கோணேசன் சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து இதைச் சொன்னேன். முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகு சொன்னேன். முதலில் அவன் "என்ன அண்ணன், ஞாயிற்றுக்கிழமை வெள்ளன, கோயில் இல்லையா" என்று பகிடியாகத்தான் தொடங்கினான். நான் முழுவதையும் சொல்லி முடித்தேன். பிறகு "அப்ப நான் அவர் கேக்காத கையாலயா கொள்ளி வச்சன்?" என்று மட்டும் கேட்டான். நான் பதில் சொல்ல முதல் தொடர்பு நின்றுவிட்டது. மறுபடி இரண்டு தரம் அழைத்தேன், அவன் எடுக்கவில்லை. இதை எழுதும்வரை அவன் திருப்பி அழைக்கவும் இல்லை.

பெரியவர் வாங் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. தான் செத்தால் தனக்குக் குழல் ஆர் ஊதுவார் என்று கேட்டிருக்கலாம். தன்னை ஊருக்கு ஆர் கொண்டுபோய் விடுவார் என்று கேட்டிருக்கலாம். உண்மையாகவே தண்ணீர் கேட்டிருக்கவும்கூடும். உனக்கும் தெரியாது, தெரிந்த ஒரே ஆள் டேனி. அவனை நான் கெட்டவன் என்று நினைக்கவில்லை, தகப்பனைப் பரலோகத்தில் தவறவிட்டுவிடுவேனோ என்ற பயம் அவனுக்கு, எனக்கு என் சபையின் முன்னால் வெட்கப்பட்டு நிற்பேனோ என்ற பயம் இருந்தது, அவன் என்னைவிட நல்லவன். ஆனால் மகன் மொழிபெயர்க்கிற சம்மதத்தை நீ ஏற்றுக்கொள்ளாதே. புதன்கிழமைகளில் நீதான் அவரை இரத்தம் சுத்திகரிக்கிற நிலையத்துக்குக் கூட்டிப்போகிறாய், அங்கே மொழிபெயர்க்க ஒரு மொங் பெண் வருவா, அவவும் பெரியவரும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே இருப்பார்கள் என்று செப்டெம்பரில் எழுதியிருந்தாய். அவவிடம் கேட்டுப் பார், அவவுக்கு மனமிருந்தால் பெரியவரிடம் இரண்டே கேள்வி கேட்கட்டும். அன்றைக்கு மகனிடம் மூன்று தரம் என்ன கேட்டீர்கள்? ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கப்போகிறது என்று உங்களுக்குச் சொன்னார்களா? அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதிக்கொள். இதை டேனிக்கு ஒளித்துச் செய்யாதே, செவ்வாய்க்கிழமையே அவனிடம் சொல்லிவிடு. அவன் கோபப்படுவான், பரவாயில்லை. பெரியவர் எல்லாம் விளங்கி ஓம் என்றால் இங்கே முதலில் அல்லேலூயா சொல்பவன் நானாக இருப்பேன். இல்லை என்றாலோ, குழல் தனக்கு வேண்டும் என்றாலோ, அதைத் தகப்பனும் மகனும் பேசித் தீர்க்க இன்னும் நாள் இருக்கிறது, அந்த நாட்களை அவர்களிடமிருந்து நீ எடுக்காதே.

உன் பொறுப்பாளர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், தேதி குறித்த ஞானஸ்நானத்தைக் குழப்பினாள் என்று உன்னை வேறு இடத்துக்கு மாற்றலாம், வீட்டுக்கே அனுப்பலாம். இந்த ஊழியத்துக்கு நீ எவ்வளவு ஆசைப்பட்டாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இந்தக் கடிதத்தை மூன்று தரம் கிழித்துப் போட்டு எழுதுகிறேன். அனுப்பினால் பில்லுண்ட் விமான நிலையத்தில் நானும் அம்மாவும் நிற்போம், என்ன நடந்தது என்று சபையில் ஆர் கேட்டாலும் பதிலை நானே சொல்வேன்.

பாதத்துக்குக் கம்பளிக் காலுறை இரண்டு போடு, விற்றமின் டி குளிசையை மறக்காதே, இது அம்மாவின் கட்டளை. அவவோடு நாளை கட்டாயம் கதை, முழங்காலைப் பற்றிக் கேள், ஒன்றுமில்லை என்று சொன்னால் நம்பாதே. கோணேசன் சித்தப்பாவுக்காகவும் ஜெபித்துக்கொள். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் வாயில் உண்மையும் உன் கையில் பொறுமையும் இருக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் நான் முதலில் அந்த விட்ட வரியை வாசிப்பேன், ஏன் விட்டேன் என்றும் சொல்வேன். அப்போது பதினேழு பேரும் பெரியவர் என்ன கேட்டவர் என்று என்னைக் கேட்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எழுது மகள், அனுமதி கேட்டாவது எழுது. இந்த முறை அவர் சொன்னதையே சொல்ல விரும்புகிறேன்.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அப்பா
இராசநாயகம்